முனையில் பாரமுள்ள மட்டை

கடைக்காரர் மட்டையை என்னிடம் தரவில்லை, என் கணவரிடம் கொடுத்தார். விளையாடப் போவது நான், என் வேலையிடத்துப் பெண்கள் அணிக்கு என்று ஜெர்மன் மொழியில் தெளிவாகச் சொல்லியிருந்தேன். இவரும் கூச்சமில்லாமல் வாங்கி, கண்ணாடிக்கு முன்னால் நின்று வீசிப் பார்த்தார். வாழ்நாளில் ஒரு பந்தைக்கூட அடித்தறியாத மனிதர்.

"இது நல்ல லேசு. உமக்கு இது காணும்."

"எனக்கு முனையில பாரம் உள்ளதுதான் வேணும்."

"விசர்க்கதை கதையாதையும். கை சுளுக்கிப்போடும்."

நாங்கள் ஆடுவது மெதுவாகப் பந்து போடும் சொஃப்ட்போல். உயர எறியப்பட்ட பந்து சோம்பலாக வளைந்து இறங்கும். அதற்கென்று வேகம் கிடையாது, அடிக்கிறவள்தான் கொடுக்க வேண்டும்; அதற்குத்தான் முனையில் பாரம். யாழ்ப்பாணத்தில், தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடும் எல்லே ஆட்டத்தில், பள்ளிக்கூட அணிக்கு நான்தான் தலைவி. எல்லேத் தடியையும் அப்படித்தான் எடுப்போம்: நீட்டிப் பிடித்தால் நுனி கையை இழுக்க வேண்டும். இதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். "எல்லேயோ?" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாரமானதையே வாங்கினேன்.

முதல் ஆட்டத்துக்கு அவரும் வந்து பார்வையாளர் வாங்கில் உட்கார்ந்திருந்தார். என் முறை வந்தது. அடித்தேன். பந்து எல்லோருடைய தலைக்கும் மேலால் போய் வேலியடியில் விழுந்தது. உடம்பு முழுக்கச் சந்தோசம். ஓடினேன். ஓடித் தொட வேண்டிய நான்கு தளங்களில் இரண்டாவதைத் தாண்டும்போது எதிரணிக்காரி ஒருத்தி பந்தை எடுத்துக் கையை ஓங்கினாள். நான் குனிந்து பக்கவாட்டில் பாய்ந்தேன்.

எல்லேயில் ஓடுகிறவளின் உடம்பில் பந்து பட்டால் அவள் அவுட். கையை ஓங்கினால் விலகு என்று உடம்பு பழகிவிட்டது. இங்கே அவள் எறிந்தது எனக்கல்ல, மூன்றாம் தளத்தில் நின்றவளுக்கு. அவள் பந்தைப் பிடித்து, தலையை மூடிக்கொண்டு குந்தியிருந்த என்னை ஆறஅமர நடந்து வந்து பந்தால் தொட்டாள்; நான் அவுட். மைதானமே சிரித்தது.

எங்கள் அணித்தலைவியும் சிரித்தாள்தான். ஆனால் அவ்வளவு தூரம் அந்த அணியில் யாரும் அடித்ததில்லையாம். அடுத்த ஆட்டத்தில் நான்காவதாக நீதான் அடிக்க வேண்டும் என்றாள். அணியின் பலசாலிக்குத்தான் அந்த இடம். எஸ்-பான் ரயிலில் வரும்போது கணவரிடம் இதைச் சொன்னேன்.

"நான் அப்பவே சொன்னனான். பாரமான மட்டை ஆளை விழுத்திப்போடும்."

"மட்டையாலே விழுந்தனான்? பந்து படுமெண்டெல்லோ குனிஞ்சனான்!"

"ஓம், ஓம்."

அடுத்த ஆட்டத்துக்கு முதல்நாள் வேலையால் வந்தபோது மேசையில் ஒரு மட்டை கிடந்தது. லேசானது. என்னுடையதைக் கடையில் கொடுத்து மாற்றியிருந்தார். கைபிடிக்கு ஊதா நிற நாடா வேறு சுற்றுவித்திருந்தார்.

"ஆரைக் கேட்டு மாத்தினனீங்கள்?"

"உம்மட நல்லதுக்குத்தானே."

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அதுதான் ஆத்திரம். கெட்டவன் என்றால் நாலு வார்த்தை திட்டலாம்.

மறுநாள் நான்காவதாக இறங்கினேன். வேறு மட்டை இரவல் கேட்டிருக்கலாம். வாங்கிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார், அதையே எடுத்தேன். அதே பந்து, அதே வீச்சு. பந்து போட்டவளின் காலடிக்கே உருண்டு போனது. அடுத்த இரண்டு முறையும் அப்படித்தான். அணித்தலைவி என் பெயரைக் கடைசிக்கு மாற்றினாள். முகத்தில் கோபம்கூட இல்லை, தன் கணக்குத்தான் பிழைத்தது என்பதுபோல் பார்த்தாள்.

வாங்கில் அவர் எழுந்து நின்று கைதட்டினார்.

"பாத்தீரே, இப்ப எவ்வளவு லேசா வீசுறீர்!"