பத்து மஞ்சள் மாத்திரைகள்

1

இருபதாம் நாளே பேச்சியம்மாள் வந்து நின்றாள். முப்பது நாளுக்கு மருந்து எண்ணிக் கொடுத்தவள் நான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. காளவாசலில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மருந்துப் பெயர்களை எழுத்துக்கூட்டித்தான் படித்துப் பழகினேன். மாத்திரையை எண்ணிக் கவரில் போட்டு ஒட்டிய பிறகும் பிரித்து மறுபடி எண்ணுவேன். அப்படியொரு பயம்.

பேச்சியம்மாளுக்கு எழுமலைப் பக்கம். வயது இருபத்திரண்டு. காமாலை என்று ஒரு வருடம் பச்சிலையும் பத்தியமுமாகக் கிடந்தவள். பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி விட்டு ஈரலில் துளி சதை எடுத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

"இது தொத்து இல்லம்மா. உன் ஒடம்பே உன் ஈரலைப் பகையாளின்னு நெனச்சு அரிக்குது," என்று டாக்டர் அவளிடம் சொன்னார்.

அதை அடக்க இரண்டு மருந்து. ஸ்டீராய்டு சின்ன வெள்ளை மாத்திரை, தினம் இரண்டு. அசதயோபிரின் மஞ்சள் மாத்திரை, தினம் ஒன்று. ஸ்டீராய்டை மட்டும் கொடுத்தால் நிறையக் கொடுக்க வேண்டிவரும். முகம் ஊதும், எலும்பு தேயும். மஞ்சள் மாத்திரை துணைக்கு இருந்தால் வெள்ளை குறைவாகப் போதும். இரண்டும் ஒரே நாளில் தீர வேண்டும்.

"வெள்ள மாத்திரை தீந்துபோச்சுக்கா," என்றாள்.

மஞ்சள் கவரைக் கொட்டினேன். பத்து இருந்தது. அது சரிதான். அப்படியானால் வெள்ளையில் நான்தான் இருபது குறைத்துப் போட்டுவிட்டேன், வேறெப்படி? டாக்டரிடம் மூச்சு விடவில்லை. இருபது மாத்திரையை எண்ணி அவள் கையில் திணித்தேன்.

"இனிமே முன்கூட்டி வந்துராத தாயி. டாக்டருக்குத் தெரிஞ்சா என் வேலை போயிரும்."

"ஐயோ, வரமாட்டேங்க்கா."

2

சொன்னபடியே நடந்தாள். அடுத்த மாத மருந்தை உரிய நாளில் வாங்கிப் போனாள். அது தீரவேண்டிய நாளில் திரும்ப வந்தாள். வெள்ளைக் கவரும் காலி, மஞ்சள் கவரும் காலி. எனக்கு எம்புட்டு நிம்மதி! சிரித்தபடி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். கண் இரண்டும் மஞ்சளாக இருந்தன.

கையைப் பிடித்து மருந்து அறைக்குள் கூட்டிப்போனேன்.

"எல்லா மாத்திரையும் நீதான சாப்பிட்ட?"

தலையைக் குனிந்துகொண்டாள். "வெள்ளயில எனக்கு ஒண்ணு, எங்க நாத்துனாளுக்கு ஒண்ணு."

"அவளுக்கு என்ன நோவு?"

"நோவெல்லாம் இல்லக்கா. ரொம்ப ஒல்லி. பொண்ணு பாக்க வந்த மூணு பேரும், வெளக்கமாத்துக் குச்சிக்குச் சேலை சுத்துன மாதிரி இருக்குன்னுட்டுப் போயிட்டாக. எனக்கு இந்த மாத்திரையில கன்னம் உப்புச்சுல்ல? ஊருல அம்புட்டுப் பேரும் என்ன டானிக்கு குடிக்கிறன்னு கேட்டாக. அதான் அவளுக்கும் குடுத்தேன்."

"அவ கேட்டாளா?"

"கேக்கலக்கா. நான் படுத்துக் கெடந்தப்ப ஆறு மாசம் என் துணிய அலசுனவ. அவளுக்குக் குடுக்க எங்கிட்ட வேற என்ன இருக்கு?"

"மொதல்ல நீ ரெண்டு சாப்பிட்டுத்தான அவளுக்கும் குடுத்த? அதான இருபது நாள்லயே அறுபதும் தீந்துச்சு? உன் பங்க ஏன் கொறச்ச?"

"முன்கூட்டி வந்தா உங்க வேலை போயிரும்னீகளேக்கா."

அவளையும் கூட்டிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன்.

3

டாக்டரிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்ததையும் சொன்னேன். வேலை போனது என்றே முடிவு செய்து, போகும்போது மறக்கக் கூடாதென்று சாப்பாட்டுத் தூக்குவாளியைக்கூடக் கையில் எடுத்து வைத்திருந்தேன்.

அவர் பேனாவை மூடினார், திறந்தார். "இருபது மாத்திரை போனாப் போகுது சரசு. அன்னைக்கே சொல்லியிருந்தா இந்தப் புள்ளையோட ஈரலுக்கு நாப்பது நாள் மிச்சமாயிருக்கும்." அதோடு விட்டார். பிறகு அவளிடம், "அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வாம்மா. அதுவும் சட்டுன்னு நிறுத்தக் கூடாது. நான் பாத்துக் கொறைக்கிறேன்," என்றார்.

மறுநாளே இருவரும் வந்தார்கள். நாத்தனார் முருகாயிக்கு அது என்ன மாத்திரை என்று நான் சொல்லித்தான் தெரியும். அங்கேயே பிடித்துக்கொண்டாள்.

"சத்து மாத்திரைன்னு சொன்னியே மதினி! உன் உசுரப் பிச்சா எனக்கு ஊட்டுன?"

"உனக்கும் கொஞ்சம் கன்னம் வந்துச்சுல்ல..."

"கன்னத்த வச்சு என்ன செய்ய? நாளைக்கு நான் வாக்கப்பட்டுப் போனா, நீ இல்லாத வீட்டுக்கு யாரப் பாக்கன்னு வருவேன்?"

நான் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் பேச்சியம்மாளுக்கு வெள்ளை மாத்திரையைக் கூட்டினார். ரத்தம் பார்த்துப் பார்த்து மெல்ல இறக்கினார். நான் அன்றாடத்துக்குரிய வெள்ளையையும் மஞ்சளையும் ஒரே பொட்டலமாக மடித்துக் கொடுக்க ஆரம்பித்தேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். எண்ணிக்கை தவறினால் அந்த நிமிடமே சொல்லிவிடுங்கள். நாம் பயந்து மூடி வைத்தால், அந்தப் பயத்தையும் சேர்த்து நோயாளிதான் சுமக்க வேண்டிவரும். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் ஆளின் கண்ணைப் பாருங்கள். வீட்டில் வேறு யாரும் இதைச் சாப்பிடுகிறார்களா என்று கேளுங்கள்.

நான் பேச்சியம்மாளிடம் மாதாமாதம் கேட்டேன். ஒருமுறை முருகாயி முந்திக்கொண்டு பதில் சொன்னாள். "நான் எதுக்க உக்காந்து, வாயத் தொறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியிலயும் பாத்துட்டுத்தேன் எந்திரிக்கிறேன்க்கா."

"மாமியா கொடுமையக் கேள்விப்பட்டிருக்கேன். நாத்துனா கொடுமைய இப்பத்தேன் பாக்குறேன்," என்று பேச்சியம்மாள் சிரித்தாள்.

சிரிக்கும்போது அவள் கண்ணைப் பார்த்தேன். பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.