இங்கிலீசுத் தாளில் ஒரு சுழி

கல்லூரியில் முதலாம் வருஷக்காரரான எங்களுக்குத் தவணை முடிவுக் கொம்பசிசன்தான் விதி. இங்கிலீசுக் கட்டுரை தேறினால் மேல் வகுப்பு. தேறாவிட்டால் மறுபடியும் அதே வகுப்பு, அதே வாங்கு. மேல் வகுப்பில் கவிதை படிப்பிப்பார்கள். சுவருக்கு அப்பாலிருந்து அது சோளகக் காற்றோடு வரும். பாதி விளங்காது, ஆனாலும் நான் இருந்த இடத்திலேயே மிதப்பேன். எப்படியும் அந்தச் சுவரைத் தாண்டிவிட வேண்டும்.

தலைப்பு, மழை நாள். பாடமாக்கி வைத்திருந்ததை ஒரே மூச்சில் எழுதினேன். கணப்படுப்பு எரிந்தது, அதன் முன்னே பூனை உறங்கியது. எங்கள் வீட்டில் கணப்பும் இல்லை, பூனையும் இல்லை.

அந்த வருஷம்தான் கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்கார ஆசிரியர் என் தாளைத் தூக்கிக் காட்டினார். கட்டுரையில் அவர் பேனை படவேயில்லை. உச்சியில் மட்டும் ஒரு சிவப்பு வட்டம். அதற்குள் என் பிள்ளையார் சுழி. எதை எழுதினாலும் கை முதலில் அதைப் போட்டுவிடும், இங்கிலீசென்று பார்க்குமா?

"இது என்ன? முன்னே வந்து சொல்" என்றார் இங்கிலீசில்.

பக்கத்திலிருந்த குருநகர் வேதக்காரச் சிநேகிதன் கிசுகிசுத்தான்: "டேய், உன்ரை பிள்ளையாருக்கு இங்கிலீசு விளங்குமே?"

"உங்கடை மாதாவுக்கு விளங்கினால் இவருக்கும் விளங்கும், பொத்தடா வாயை!"

எழுந்து போனேன். அம்மா கலியாணச் சாமான் எழுதும் துண்டின் தலையில் மஞ்சள் விரலால் அந்தச் சுழியை இழுப்பதைச் சொன்னேன். புகையிலைக் கொட்டில் சுவரில் அண்ணை கரிக்கட்டியால் அதையே கீறுவதைச் சொன்னேன். மழைக்கு அந்தக் கரி கரைந்து வழிய, அடுத்த நாள் அவர் மறுபடி கீறுவதையும் சொன்னேன். யன்னலுக்கு வெளியே பனைகள் அசைந்தன. சொற்கள் தமிழில் நின்று திரும்பாமல் நேரே இங்கிலீசாக வந்துகொண்டிருந்தன. யாரோ என் வாயால் கதைப்பதுபோல் இருந்தது.

"இதுவல்லவா உன் மழை நாள்! நாளைக்கு இதை எழுதிக்கொண்டு வா. அதைப் பார்த்துத்தான் முடிவு" என்றார்.

அன்றிரவு வெறுந்தாளின் முன்னே தயங்கினேன். போடுவதா, விடுவதா? யோசித்து முடிப்பதற்குள் கை போட்டுவிட்டது.

தாள் திரும்பி வந்தபோது கணக்கற்ற சிவப்புத் திருத்தங்கள். சுழியை மட்டும் அவர் தொடவில்லை. அடியில், மேல் வகுப்புக்குப் போகலாம் என்று ஒரு வரி.

சிநேகிதன் எட்டிப் பார்த்தான். "ஓமடா, விளங்கியிருக்கு" என்றான்.

சுவருக்கு அப்பால் கவிதை தொடங்கியிருந்தது.