ஐந்தாவது துளை

"உது உமக்கு விளங்காது தங்கச்சி. தையல் மெசின் எண்டால் தந்திருப்பன்."

எங்கள் அலுவலகத்தை நடத்தும் அக்கா இதைச் சொல்லிக்கொண்டே பக்கத்து மேசையைப் பார்த்தார். யாழ்ப்பாண நகரில் ஒரு புடைவைக்கடையின் மேல்மாடியில் இருந்து, வெளிநாட்டு இணையக் கடைகளுக்காக நாங்கள் நான்கு பெண்கள் ஆங்கிலத்தில் எழுதுகிறோம். சப்பாத்து, மிக்சி, நாய்க்குப் படுக்கை; யாருக்கு எது பொருந்தும் என்று ஒப்பிட்டு எழுத வேண்டும். அன்று வந்தது, துப்பாக்கியில் சுட்டுத் தீர்ந்த வெற்றுக் கோதுகளில் திரும்ப வெடிமருந்து விட்டு, முனை பொருத்தி, ரவை செய்யும் கைமெசின். அமெரிக்காவில் இலக்கு வைத்துச் சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் அதை வீட்டிலேயே பொருத்தி வைத்திருக்கிறார்களாம். இரண்டு மெசின்களில் எந்த அளவு ரவைக்கு எது நல்லது என்று சொல்ல வேண்டும்.

நான் கையை நீட்டி அந்த வேலையை வாங்கிக்கொண்டேன். என் தகுதிகாண் காலம் முடிய இரண்டு கிழமைதான் இருந்தது. இது சரிவந்தால் நிரந்தரம் என்றார் அக்கா. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அம்மா இன்றும் கைநாட்டு. எனக்கு ஒன்று விளங்காது என்று யாராவது சொன்னால் அதைச் சும்மா விட என்னால் முடிவதில்லை.

ரவை எனக்குப் புதிதுமல்ல. மயிலிட்டியில் இராணுவம் பிடித்து வைத்திருந்த எங்கள் காணியை விட்டபோது எனக்குப் பதினைந்து வயது. வீடு இருந்த இடத்தில் பற்றை. மண்வெட்டி போட்ட இடமெல்லாம் கோதும் சுடாத ரவையும். அப்பா கடற்றொழிலாளி. ரவையின் முனையைக் குறட்டால் கழற்றி, அதற்குள் இருக்கும் ஈயத்தை இரும்புத் தாச்சிச் சட்டியில் உருக்கி, வலையைத் தாழ்த்தும் மணி வார்ப்பார். கழற்றிய முனைகளை ஒரு பெட்டியிலும் கழற்றாத ரவைகளை இன்னொரு பெட்டியிலும் பிரித்துப் போடுவது என் வேலை. ஒரு நாள் முனைகளோடு முழு ரவை ஒன்றும் தாச்சிக்குள் போய்விட்டது. அடுப்பில் அது வெடித்தது. பித்தளைத் துண்டு பட்டு அப்பாவின் வலது கண் போனது. பெட்டியை யார் பிரித்தது என்று அன்றும் அதற்குப் பிறகும் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

மெசின்களைப் பற்றி முதல் நாளே எழுதிவிட்டேன். இரண்டும் ஒரே விதமானவை. கைப்பிடியை ஒருமுறை இழுக்க, கோதுகள் நிற்கும் வட்டத்தட்டு ஒரு படி சுற்றும். மேலே உள்ள ஒவ்வொரு துளையிலும் ஒரு கருவி தன் வேலையைச் செய்யும். சிறிய மெசினில் நான்கு துளை, பெரியதில் ஐந்து. ரவையின் அளவை மாற்றுவது சிறியதில் சுலபம். பெரியதில் பல பாகங்களைக் கழற்றிப் பூட்ட வேண்டும். ஆகவே பல அளவுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுடுகிறவருக்குச் சிறியது, ஒரே அளவில் நிறையச் சுடுகிறவருக்குப் பெரியது. அக்கா வாசித்துவிட்டு, பரவாயில்லை, விளங்கித்தான் இருக்கிறது என்றார். அன்று பஸ்ஸில் நிமிர்ந்து உட்கார்ந்து போனேன்.

மறுநாள் இரண்டு கையேடுகளையும் முழுதாக வாசித்தேன். ஐந்தாவது துளை, கோதுக்குள் மருந்து விழுந்ததா, இரண்டு தரம் விழுந்துவிட்டதா என்று பார்க்கும் கருவிக்கான இடம். சிறியதில் அதற்கு இடமில்லை. ஒவ்வொரு கோதையும் குனிந்து கண்ணால் பார்க்க வேண்டும். சில அளவுகளில் கோது பெரிது, மருந்து கொஞ்சம். அவற்றில் இரண்டு தரம் விழுந்தாலும் கோது நிரம்பி வழியாது. சுடும்போது துப்பாக்கியே வெடித்தால்தான் தெரியவரும். அந்த அளவுகளுக்குச் சிறிய மெசினை வாங்க வேண்டாம் என்று ஒரு பந்தி சேர்த்தேன்.

அதை எடுத்துவிடும்படி அக்கா சொன்னார். கட்டுரை கேட்ட இணையக் கடையில் தேங்கிக் கிடப்பது சிறிய மெசின்தானாம். நான் கையேட்டைக் காட்டினேன்.

"கடைக்காரர் கேட்டது ஒப்பீட்டை. உம்மடை பயத்தை இல்லை," என்றார். "திங்கக்கிழமை மத்தியானத்துக்குள்ளை அந்தப் பந்தி இல்லாமல் வரவேணும். ஏலாதெண்டால் சொல்லும், மற்றப் பிள்ளையிட்டைக் குடுக்கிறன்."

ஞாயிறு முற்பகல் அப்பா வாசலில் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். கண்ணிகளை விரலால் தடவித்தான் எண்ணுவார். நான் பக்கத்தில் இருந்து மெசின் கதையைச் சொன்னேன். அவர் வலையை விட்டு முகத்தை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாக்கிறதுக்கு ஓட்டை வச்ச மெசின் இருக்கேக்கை, இல்லாததை ஏன் விக்கினம்?"

"அதிலை கெதியாய் அளவு மாத்தலாம் அப்பா."

"கெதியாய்," என்றார். ஒரு முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் அறுத்தார். பிறகு அதே குரலில் கேட்டார்.

"அண்டைக்கு நீ பாத்தனியோ, பிள்ளை?"

ஒன்பது வருடம் இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள் இருந்திருக்கிறது. ஓம் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார், அல்லது நம்பியதாகக் காட்டியிருப்பார்.

"இல்லையப்பா. அடுத்த நாள் தவணைச் சோதினை. படிக்க நேரம் போகுதெண்டு ரெண்டு கையாலையும் அள்ளிப் போட்டனான்."

"ம்," என்றார். வலையை மடியில் இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த கண்ணியைத் தேடினார். அந்தச் சோதனையில் நான் எல்லாப் பாடமும் சித்தியடைந்தேன். ஆஸ்பத்திரி வார்டில், ஒரு கண்ணில் கட்டோடு, அப்பா என் பெறுபேற்றைப் பக்கத்துக் கட்டில்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அதையும் அவர் இப்போது நினைத்திருப்பாரா என்று தெரியவில்லை. மதியம் சாப்பிடும்போது அவர் தன் மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். கோபமாகத் தெரியவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். மேல்மாடியில் ஒருவரும் வந்திருக்கவில்லை. கட்டுரையை ஒருமுறை கடைசிவரை வாசித்தேன். அந்தப் பந்தியை எடுக்கவில்லை. நடுவில் இருந்ததை எல்லாவற்றுக்கும் மேலே கொண்டுவந்து வைத்தேன். நேரே அந்த இணையக் கடைக்கே அனுப்பினேன். அதன் பிரதியை அக்காவுக்கும் அனுப்பிவிட்டு, மேசை லாச்சியில் இருந்த என் சாமான்களைப் பையில் எடுத்து வைத்தேன்.