பிச்சைமணிக்குக் கேட்காத அருவி

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசிக் காற்றுக்கு மின்கம்பி அறுந்தால், எங்கள் பகுதியில் யாரும் முதலில் மின்வாரிய அலுவலகத்துக்கு ஃபோன் செய்வதில்லை. பிச்சைமணிக்குத்தான் செய்வார்கள். அவர் லைன்மேன். நாற்பத்தாறு வயது. கம்பத்தில் ஏறும்போதும் வாய் ஓயாது. மேலே போய் நின்றதும் கட்டிங் பிளேயரை எடுத்துக் கம்பத்தில் ஒரு தட்டுத் தட்டுவார். பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் அது தாளமாகிவிடும்.

"அண்ணாச்சி, கச்சேரிய அப்புறம் வச்சுக்கிடலாம். மாவு கிரைண்டர்ல பாதியில நிக்கி!" என்று கீழேயிருந்து யாராவது கத்துவார்கள்.

"மாவு எங்கயும் ஓடிராதுக்கா. நான் கீழ விழுந்தா அதுக்கும் நீங்கதான் பதில் சொல்லணும்."

அவர் ஒரு காலத்தில் டிரம்மராக இருந்தது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் கல்யாண வீட்டுக் கச்சேரி என்றுதான் நினைத்திருந்தார்கள். உண்மையில் அது மூன்று பேர் கொண்ட ராக் குழு. பெயர் 'லோ வோல்டேஜ்'. பயிற்சி செய்த வீட்டில் மின்னழுத்தம் போதாமல் ஆம்ப்ளிஃபயர் முனகிக்கொண்டே இருந்ததால் வந்த பெயர். பாட்டு எழுதிப் பாடி, கிதாரும் வாசித்தவர் உமாசங்கர், என் கணவர். பேஸ் கிதார் சமீர். பிச்சைமணி பள்ளிக்கூட பேண்டு செட்டில் டிரம் அடித்துக்கொண்டிருந்தவர். ஆல்டர்நேட்டிவ் ராக் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், "மெயின் லைன் போனதும் ஜெனரேட்டர் போடுதோம்லா, அது மாதிரி" என்று விளக்குவார். இன்றுவரை அதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

2003 நவம்பரில் அவர்கள் ஓர் ஆல்பம் பதிவு செய்தார்கள். பெயர் 'சீசன் முடிஞ்சாச்சு'. ஒன்பது பாட்டு. இடம் பிடித்தது பிச்சைமணி. அவர் வீடு குற்றாலத்தில், மெயின் அருவிக்குப் போகும் கடைத்தெருவின் பின்பக்கம். சீசன் முடிந்து காலியாகக் கிடந்த ஒரு லாட்ஜின் சாப்பாட்டு ஹாலுக்கு அந்த லாட்ஜ் வாட்ச்மேனிடமிருந்து சாவி வாங்கிவிட்டார். தடித்த சுவர், உயரமான கூரை. ஜன்னல்களை மெத்தை வைத்து அடைத்தார்கள். இரண்டு மைக், ஒரு கம்ப்யூட்டர். நான்கு நாளில் வேலை முடிந்தது. அந்த நான்கு நாளும் மலையில் மழை. அருவியில் வெள்ளம் வந்து, குளிக்கத் தடை போட்டிருந்தார்கள்.

சென்னையில் ஒரு கேசட் கம்பெனிக்கு அதை அனுப்பினார்கள். பத்து நாளில் பதில் வந்தது. பாட்டெல்லாம் நன்றாக இருக்கிறது, குரல் புதிதாக இருக்கிறது, ஆனால் எல்லாப் பாட்டிலும் மழை பெய்கிறது, மழை விட்டபின் மறுபடி பதிவு செய்து அனுப்புங்கள் என்று எழுதியிருந்தது.

கடிதத்தைப் பிரித்தவர் பிச்சைமணி. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஹாலுக்குள் மழை எப்படிப் பெய்யும்? சாவி வாங்கிக்கொண்டு போய், அந்த ஹாலின் நடுவில் தனியாக நின்று பார்த்தார். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு இரண்டு காதையும் கையால் இறுகப் பொத்தி, சட்டென்று எடுத்தார். அப்போதுதான் கேட்டது. பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்ததால் கேட்காமலே போயிருந்த அருவிச் சத்தம்.

மறுபடி பதிவு செய்ய வழியில்லை. சமீருக்கு விசா வந்துவிட்டது. அடுத்த வாரமே சவூதியில் தம்மாமுக்கு விமானம் ஏறினார். கையில் இருந்ததையே முந்நூறு சிடி போட்டார்கள். நண்பர்கள் வாங்கினார்கள். விற்காதவற்றைப் பிச்சைமணி வடகரைக்குக் கொண்டுபோனார். அங்கே வயலில் பறவை விரட்டக் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். "அந்த வருசம் வடகரைக் கிளி பூரா நம்ம ஆல்பத்தப் பாத்துத்தான் ஓடுச்சு. வேற எந்த பேண்டுக்கு மைனி அப்படி ஒரு வரவேற்பு?" என்பார் என்னிடம்; அண்ணன் மனைவி என்பதால் நான் அவருக்கு மைனி. என் கணவர் பிறகு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். பிச்சைமணி மின்வாரியத்தில் சேர்ந்தார். இதெல்லாம் எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பு நடந்தது. இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லி, நானும் அங்கே இருந்ததுபோல் ஆகிவிட்டது.

என் கணவர் இறந்து இரண்டு வருடம் கழித்து, 2024 தொடக்கத்தில், சென்னையிலிருந்து ஷாரோன் என்ற பெண் பேசினாள். பழைய தமிழ் ராக் ஆல்பங்களை விரிவாக்கி மறுபடி வெளியிடும் சிறிய நிறுவனம். அதில் அவள் சவுண்ட் இன்ஜினியர். ஒன்பது பாட்டோடு, பயிற்சிப் பதிவுகள், பாதியில் விட்ட பாட்டுகள் எல்லாம் சேர்த்து இரண்டு சிடியாகப் போட வேண்டும் என்றாள். "இப்போ யாரும்மா சிடி வாங்குறாங்க?" என்றேன். "ஐந்நூறு பேர் இருக்காங்க மேடம். அந்த ஐந்நூறு பேரும் சண்டை போட்டு வாங்குவாங்க" என்றாள். மூலப்பதிவு இருந்த ஹார்ட் டிஸ்க் எங்கள் பீரோவில் இருந்தது.

பிச்சைமணிக்குச் சொல்லி அனுப்பினேன். சீருடையோடு வந்தவர், நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"போடட்டும் மைனி. ஒரே ஒரு கண்டிசன். அந்த அருவிச் சத்தத்த எடுத்துரணும். இப்பதான் எல்லாத்துக்கும் சாஃப்ட்வேர் இருக்காம்லா."

"இருக்கட்டுமே மணி. இத்தனை வருசமா அதோடதான கேட்டோம்."

அவர் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்.

"நீங்க சும்மா சொல்லுதிய. உமாண்ணன் மெட்ராஸ்ல இருக்க வேண்டியவரு. அந்தக் கம்பெனி எடுத்திருந்தா எங்கயோ போயிருப்பாரு. ஹால் பிடிச்சது நான். சத்தம் கேக்காதது என் காது. அவர்ட்ட எத்தனையோ வாட்டி சொல்லிட்டேன், என்னாலதான் கெட்டுச்சுன்னு. 'விடுலே'ன்னுதான் சொல்லுவாரு. பெரிய மனசு. அதுதான் எனக்குத் தாங்காது. இருக்கும்போது ஒண்ணும் செய்ய முடியல. இதையாவது சுத்தமாக் குடுத்துருதேன்."

இருபது வருடமாக எங்கள் வீட்டு ஃபியூஸ் போனால் சொல்லாமலே வந்து போட்டுவிட்டுப் போனவர். டீயைத் தவிர எதுவும் வாங்கியதில்லை. எதற்காக என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஷாரோன் மூன்று வாரம் உட்கார்ந்து அருவியைப் பிரித்து எடுத்தாள். சோதனைக்கு ஒரு சிடி கூரியரில் வந்தது. கூடவே ஒரு சீட்டு: ஆறாவது பாட்டின் மூலப்பதிவில், பாட்டு முடிந்தபின் யாரோ பேசுகிறார்கள், முன்பு தண்ணீர் சத்தத்தில் மூழ்கிக் கிடந்திருக்கிறது, வெட்டிவிடலாமா என்று சொல்லுங்கள்.

சனிக்கிழமை காலை பிச்சைமணி தன் மனைவி ஸ்ரீதேவியையும் அழைத்துக்கொண்டு வந்தார். என் கணவரின் பழைய பிளேயரில் போட்டோம். முதல் பாட்டு தொடங்கியதும் பிச்சைமணி முகம் மலர்ந்தது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. குரல் மட்டும் பளிச்சென்று வந்தது.

"எப்படி இருக்கு பாரு!" என்றார் மனைவியிடம்.

"நல்லாத்தான் இருக்கு. அலமாரிக்குள்ள உக்காந்து பாடுத மாதிரி இருக்கு" என்றாள் ஸ்ரீதேவி.

"உனக்கு என்னட்டி தெரியும்?"

"உங்க டிரம்முதான் தகர டப்பாவத் தட்டுன மாதிரி இருக்கு. முன்ன இப்படி இல்லையே."

இரண்டாவது பாட்டில் என் கணவர் ஒரு வரி பாடிவிட்டுக் கொஞ்ச நேரம் நிறுத்துவார். முன்பெல்லாம் அந்த இடத்தில் தண்ணீர் விழும். இப்போது அந்த இடம் வெறுமனே இருந்தது, வரி மறந்துபோய் முழிப்பதுபோல. பிச்சைமணி அதைக் கவனித்தார் என்று தெரிந்தது. ஆனாலும், "சுத்தமா இருக்கு. இதுதான் வேணும்" என்றார், கொஞ்சம் சத்தமாகவே.

ஆறாவது பாட்டு முடிந்தது. சிறிது நேரம் அமைதி. பிறகு நாற்காலி இழுபடும் சத்தம். அதன்பின் சமீரின் இளம் குரல், தூரத்திலிருந்து:

"அண்ணே, அருவி சத்தம் ஏறிக்கிட்டே போவுதே. மணிக்குக் கேக்கவே இல்லயா?"

என் கணவரின் குரல். பாட்டுக் குரல் இல்லை. பேச்சுக் குரல்.

"அவனுக்கு எப்படிலே கேக்கும், அதுக்குள்ளயே பொறந்தவன். சொல்லிராத. சொன்னா வெக்கப்பட்டு வேற எடம் பாப்பான். எங்க ஊரு திருவேங்கடத்துல இந்தச் சத்தத்தக் கேக்கணும்னா ரெண்டு பஸ் மாறணும். கெடக்கட்டும்லே. பாட்டுக்கு நல்லாருக்கு."

ஓர் இருமல். கதவு திறக்கும் ஓசை. அப்புறம் இருபத்தைந்து வயசுப் பிச்சைமணி, உற்சாகமாக: "வடை சூடாப் போட்டிருக்கான், வாரியளா?"

அவ்வளவுதான். மொத்தம் இருபத்திரண்டு விநாடி.

நான் எழுந்துபோய் அந்த இடத்தை மறுபடி போட்டேன். அவருடைய பாட்டுகள் எல்லாம் என்னிடம் இருந்தன. அவர் சும்மா பேசியது எதுவும் இல்லை. பேசும்போது நடுவில் இருமுவார் என்பதையே மறந்திருந்தேன்.

மூன்றாவது தடவை கேட்டபிறகு பிச்சைமணி ஃபோனை எடுத்துத் தம்மாமுக்கு வீடியோ கால் போட்டார். சமீர் லுங்கியோடு, தலைமுடி கலைந்து, திரையில் தெரிந்தார்.

"ஏலே சமீரு, அருவி சத்தம் விழுதுன்னு உனக்கு அப்பமே தெரியுமாலே?"

"என்னலே, லீவு நாளும் அதுவுமா தூங்குதவன எழுப்பி இதக் கேக்க. எல்லாருக்கும் தெரியும். நான்தான முதல்ல சொன்னேன். 'அவன்ட்ட சொன்னே, வாயத் தச்சிருவேன்'னு அண்ணன்தான் மிரட்டிச்சு."

"சண்டாளப் பாவி. இருபது வருசமா நான் தூங்கலலே! அதுக்கப்புறமாவது சொல்லிருக்கலாம்லா?"

"நீ எங்க எங்கிட்டக் கேட்ட? ஊருக்கு ஃபோன் பண்ணுனா 'பிரியாணி எப்படி, சம்பளம் எப்படி'ன்னுதான கேப்ப. நீ அத மனசுல போட்டு வச்சிருக்கன்னு யாருக்குத் தெரியும்? கரிசக்காட்டுலருந்து வந்த மனுசனுக்கு அருவி சத்தம் கேக்காமயா இருக்கும்? அதக்கூட யோசிக்கலயா நீ?"

யோசிக்கவில்லை. பிச்சைமணி மட்டுமில்லை, நானும்தான். என் கணவர் பிறந்து வளர்ந்தது திருவேங்கடம் பக்கம் மானாவாரிக் காடு. மழைக்கு வானத்தைப் பார்க்கும் ஊர். தண்ணீர் இரைவதை அவர் எப்படிக் கேட்காமல் இருந்திருப்பார்? அருவிக்குப் பக்கத்திலேயே பிறந்தவர் தன் காதை வைத்தே எல்லாருடைய காதையும் அளந்துவிட்டார்.

பிச்சைமணிக்கு முதலில் கோபம்தான் வந்தது. "தெரிஞ்சுக்கிட்டே 'விடுலே, விடுலே'ன்னு சொல்லிருக்காரு பாருங்க மைனி. நானும் மன்னிச்சிட்டாருன்னு நெனச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்தவர், பாதியில் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு நிற்கவே இல்லை. கண்ணில் நீர் வர, ஸ்ரீதேவியின் முந்தானையைப் பிடித்துத் துடைத்துக்கொண்டார். "வடைக்குக் கூப்பிடுதேன் பாருங்க. இங்கன இவ்ளோ பெரிய விசயம் பேசுதாங்க, நான் வடைக்குக் கூப்பிடுதேன்!"

"அது மட்டும் இன்னும் மாறல" என்றாள் ஸ்ரீதேவி.

அங்கேயே ஷாரோனைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார்.

"எம்மா, சிடி வந்துச்சு. கேட்டோம்."

"நாய்ஸ் எல்லாம் போயிருச்சா சார்?"

"ஒரு சொட்டு இல்லம்மா. ரொம்ப நல்லா எடுத்திருக்கிய. இப்ப அத அப்படியே திருப்பி ஊத்திருங்க."

"சார், மூணு வாரமா எடுத்தேன் சார்."

"தெரியும்மா. கோவப்படாதிய. ஒம்போது பாட்டும் முன்ன மாதிரியே தண்ணியோட இருக்கட்டும். அந்தப் பேச்சு இருக்கு பாருங்க, அத மட்டும் நீங்க சுத்தம் பண்ணுனபடி ரெண்டாவது சிடியில கடைசியாப் போட்டுருங்க. சீசனுக்கு இங்கன வாங்க. நல்லாக் குளிக்கலாம். உங்க நாய்ஸ் எங்கருந்து வருதுன்னு காட்டுதேன்."

ஆவணி மாதம் புதிய சிடி வந்தது. முதல் தட்டில் ஒன்பது பாட்டு, இரண்டாவதில் பதினொரு பதிவு. ஆனால் அச்சுக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பு நடந்ததைச் சொல்ல வேண்டும். சிறுபுத்தகத்துக்கான வாசகங்களை நான்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பிச்சைமணி வந்தார். மறுபடியும் உட்காரவில்லை. ஆனால் இந்தமுறை ஹெல்மெட்டைத் திருப்பவும் இல்லை.

"மைனி, புக்லெட்டுல பேரெல்லாம் போடுதியள்ளா. டிரம்ஸ்னு என் பேரு இருக்கு. அதுக்குக் கீழ இன்னொரு வரி சேக்க முடியுமா?"

"என்ன வரி?"

மடித்து வைத்திருந்த காகிதத்தைக் கொடுத்தார். மின்வாரியப் படிவத்தின் பின்பக்கம். பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்.

*பதிவு செய்த இடத்தைத் தேர்வு செய்தவர்: கு. பிச்சைமணி, குற்றாலம்.*

அதே பெரிய எழுத்தில் அப்படியே தட்டச்சு செய்து அனுப்பினேன். ஷாரோன் திரும்பக் கேட்டாள்: "மேடம், இந்த ஒரு வரி மட்டும் பாடகர் பேரைவிடப் பெரிசா இருக்கே. அளவைக் குறைக்கவா?"

குறைக்க வேண்டாம் என்று சொன்னேன்.