மலையிறங்கிய காபி

தெருவே அவரை லாரிக்காரர் என்றுதான் கூப்பிடும். ஸ்டீயரிங்கை விட்டு வருஷங்கள் ஆகியும் அந்தப் பெயர் அவரை விடவில்லை.

மலைக்கு லோடு ஏற்றப் போகும்போதெல்லாம் பாதையோரக் கடைகளை அவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். கடைக் காபிப்பொடியில் எதைக் கலந்திருக்கிறார்களோ, யார் கண்டது? லாரியை ஓரங்கட்டிவிட்டு, செடிகளுக்கு நடுவே இறங்கி நடந்து, ஒரு தோட்டத்து வீட்டில் கண்ணெதிரே வறுத்து அரைத்த பொடியைத் துணிப்பையில் வாங்கிக்கொண்டுதான் திரும்புவார். லாரிச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே மனைவி அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள். பையைப் பிரித்தால் அடுக்களை முழுக்க வாசனை எழும். லேசான இனிப்பும் புளிப்புமாய், மழை விட்ட சரிவில் நிற்பதுபோல. "மலையே வீட்டுக்குள்ள வந்துடுச்சுங்க" என்பாள். அவர்கள் சண்டை போட்டதும் சமாதானம் ஆனதும், பிள்ளைகளின் படிப்பைப் பேசி முடிவெடுத்ததும் எல்லாம் அந்தக் காபியைச் சுற்றித்தான்.

தோட்டத்தைக் காட்டுகிறேன் என்று கல்யாணமான புதிதில் சொன்னது, தலை நரைத்த பிறகுதான் கைகூடியது. ஜன்னலோர சீட்டை மனைவிக்குக் கொடுத்துவிட்டு, பஸ் வளையும்போதெல்லாம் இவர் காலால் பிரேக் போட்டுக்கொண்டே வந்தார்.

"ஓட்டுறது அவரு. நீங்க சும்மா வாங்க" என்றாள் மனைவி.

தோட்டத்து வீடு அப்படியே இருந்தது. வாசலில் சிவப்புப் பழங்கள் காய்ந்துகொண்டிருந்தன. அந்தக் காலத்தில் பொடி அரைத்துக் கொடுத்தவரின் மகள்தான் இப்போது தோட்டத்துக்குப் பொறுப்பு. லாரிக்காரரை அடையாளம் கண்டு, வறுத்து அரைத்து அங்கேயே காபி போட்டுக் கொடுத்தாள். லாரிக்காரர் தன் கப்பைத் தொடவில்லை. மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். கப்பைக் கீழே வைத்தாள்.

"இது இல்லீங்க."

"எது இல்ல?"

"அந்த வாசனையே காணோமே." குரலைத் தாழ்த்தினாள். "உண்மையச் சொல்லுங்க. எங்கேயோ கடையில வாங்கிட்டு வந்துதானே தோட்டம், தோட்டம்னு கதை விட்டீங்க?"

அவருக்குச் சுருக்கென்றது. கிளீனர் கேலி செய்யச் செய்ய, வழுக்கும் மண்ணில் இறங்கி நடந்ததெல்லாம் பொய்யாகிவிட்டதா? இந்த வயதில் அவள் கண்ணுக்குப் புளுகனாகவா தெரிவது?

"ஏம்மா, செடியை மாத்திட்டீங்களா?" என்று தோட்டக்காரியைக் கேட்டார். அவர் குரல் கெஞ்சியது.

"அப்பா வச்ச அதே செடிதான் மாமா. வறுக்கிற பதமும் அதேதான்." கொஞ்சம் யோசித்தாள். "ஆமா, பொடியை லாரியில எங்க வைப்பீங்க?"

"கேபின்ல எஞ்சின் சூடு தாங்காது. வாசனை போயிடும்னு பின்னாடி லோடுக்குள்ள சொருகிடுவேன்."

"என்ன லோடு?"

"இங்கேருந்து வேற என்ன? ஆரஞ்சுதான். பெட்டிப் பெட்டியா."

தோட்டக்காரி வாய்விட்டுச் சிரித்தாள். "போங்க மாமா! பக்கத்துல எது இருந்தாலும் காபிப்பொடி அந்த வாசனையை இழுத்துக்குமே. துணிப்பையில கட்டி ஆரஞ்சுக்கு நடுவுல போட்டா சும்மா இருக்குமா? அத்தை இத்தனை வருஷமும் எங்க காபியை எங்கே குடிச்சாங்க?"

மலையின் வாசனை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டதை நினைத்து லாரிக்காரர் திருதிருவென விழித்தார். மனைவி சிரிக்கவில்லை.

"எனக்காகத்தான் அங்க வச்சீங்களா?"

"பின்ன? நீ மோந்து பாத்துட்டுத்தானே குடிப்ப."

"இதை ஒருநாளும் சொல்லலையே."

"இதுல சொல்ல என்ன இருக்கு? லோடு ஏத்துறவங்க கையக் காலப் பிடிச்சு நடுப்பெட்டியை நகத்தச் சொன்னேன்னு பெருமை பேசவா?"

அவள் ஆறிப்போன கப்பை எடுத்து மிச்சத்தையும் குடித்து முடித்தாள். பிறகு சம்பந்தி வீட்டில் பேசுகிற தோரணையில் தோட்டக்காரி பக்கம் திரும்பினாள்.

"காபி நல்லாத்தான் இருக்கும்மா. ஒரு பை கட்டு. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. எங்க வீட்டுக்காரர் கொண்டுவந்த காபிக்குப் பக்கத்துல கூட இது நிக்காது."