காற்று வர வேண்டும், கீரி வரக்கூடாது

கோழிக்கூட்டின் தகரத்தில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, சுட்டதுபோலச் சட்டென்று எடுத்துக்கொண்டு நுஸ்ஹா குசினிக்குத் திரும்புகிறாள். காலை பத்து மணிக்குள் இது நான்காவது தடவை. அடுப்பில் பருப்பு கொதிக்கிறது. தையல் இயந்திரத்தில் யாரோ ஒரு பிள்ளையின் பள்ளிச் சீருடை, ஒரு கை மட்டும் பொருத்தியபடி கிடக்கிறது. இரண்டையும் கவனிக்காமல் யன்னலோரம் நின்று காது கொடுக்கிறாள். கோழிகள் கொக்கரித்தால் நல்லது. சண்டை பிடித்தால் இன்னும் நல்லது.

மடவளையில் பெரிய வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கையின் கடைசிக்கு முந்திய வீடு அவளுடையது. வயது நாற்பத்தாறு. கணவர் பஹ்மிக்குக் கட்டுகஸ்தோட்டையில் பிளாஸ்டிக் சாமான் கடை. நுஸ்ஹா வீட்டிலிருந்து தைக்கிறாள். அளவு கொடுக்க வருகிறவர்களைக் கையை விரித்தபடி நிற்கவைத்துவிட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு பின்பக்கம் போய்விடுவாள். "கொஞ்சம் ஈங்க, பாத்துட்டு வாறேன்" என்று குரல் மட்டும் வரும். ஒழுங்கைப் பெண்களுக்கு இது பழகிவிட்டது. கையை இறக்கி, கதிரையில் உட்கார்ந்து, கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பங்குனி பிறந்தால் அவளுடைய நாள் கோழிகளைச் சுற்றித்தான் ஓடும். விடியற்காலையில் சுபஹு தொழுத கையோடு தீன் போடுவாள். ஒன்பது மணிக்குத் தீன் சட்டியை எடுத்துவிடுவாள். மீண்டும் வைப்பது வெயில் தணிந்த பிறகுதான். "வயித்துல தீன் ஈந்தா உள்ளயும் ஒரு அடுப்பு எரியும்" என்பது அவள் கணக்கு. பத்து மணிக்குக் கம்பி வலையில் சாக்குகளை நனைத்துத் தொங்கவிடுவாள். தகரத்தின் மேல் தென்னோலை பரப்பியிருக்கிறாள். குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டு முழுக்கத் தண்ணீர் நிரப்பி உறையவைத்த சோடாப் போத்தல்கள். மத்தியானத்தில் அவற்றைக் கூட்டின் நிலத்தில் உருட்டிவிட்டால் கோழிகள் ஒட்டிப் படுத்துக்கொள்ளும். "கோழிக்கி ஐஸ், மனிசனுக்கு வெந்நீர்" என்று பஹ்மி முணுமுணுப்பார். நோன்பு மாதத்திலும் தன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்க, மணிக்கு ஒரு தடவை கோழிகளின் தண்ணீரை மாற்றினாள்.

இவள் முன்பு இப்படி இல்லை. போன வருடம் சித்திரையில், அக்குறணையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அதற்கு முதல் மாதம்தான் ஒரு கீரி புகுந்து இரண்டு குஞ்சுகளைத் தூக்கிப் போயிருந்தது. அதனால் கூட்டின் நான்கு பக்கமும் பலகை அடித்து, இடைவெளிகளில் துணி திணித்து, கதவுக்கு இரண்டு கொழுக்கி போட்டுவிட்டுத்தான் புறப்பட்டாள். பின்னேரம் ஐந்து மணிக்குத் திரும்பிவந்து திறந்தபோது அனல் முகத்தில் அடித்தது. பதினொரு கோழிகள் சிறகை விரித்து, அலகைத் திறந்தபடி கிடந்தன. ஒன்றின் உடம்பிலும் காயம் இல்லை. கல்யாண உடுப்போடு அவள் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"கீரி தின்டீந்தா இவ்வளவு கவலைப்பட மாட்டேன்" என்று பிறகு பலரிடம் சொன்னாள். "நானேதானே பூட்டிட்டுப் போனேன்."

மறுநாளே பலகைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு வலை அடித்தாள். அதோடு அடுத்த கவலை பிடித்துக்கொண்டது. வலைக்கண்ணுக்குள் பெருவிரலை விட்டுப் பார்ப்பாள். அடியில் கீரி தோண்டுமோ என்று சுற்றிவரக் கல் பதித்தாள். கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே பெருக்கும் தும்புத்தடியின் காம்பைச் செருகிப் பார்ப்பாள். "காத்து வாற ஓட்டயால கீரியும் வரும். ஓட்டய அடச்சா காத்தும் வராது. நான் எங்க போற?" அன்றிலிருந்து வெயில் காலத்தில் மத்தியான வேளையில் அவள் வீட்டை விட்டு நகர்ந்ததில்லை. சொந்தத் தாத்தாவின் மகளுடைய நிக்காஹ்வுக்குக்கூடப் போகவில்லை. தாத்தா என்று அவள் கூப்பிடும் அந்த மூத்த சகோதரி இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இந்த வருடம் தள்ள முடியாத ஒன்று வந்தது. ஊசியில் நூல் கோக்கும்போது இடது கண்ணின் ஓரத்தில் இருட்டு விழுவதை அவள் மாசிமாதமே கவனித்தாள். ஊர் ஆஸ்பத்திரியில் சோதித்து, கண்டியில் கண் வைத்தியரிடம் போகச்சொல்லி எழுதிக் கொடுத்த இரண்டு திகதிகளையும் வெயிலைப் பார்த்துத் தவறவிட்டாள். மூன்றாவது தடவை தாதி தொலைபேசியில் கொஞ்சம் கடுமையாகவே பேசினாள். சோதனைச் சீட்டைப் பார்த்தால் கண்ணில் அழுத்தம் கூடியிருப்பதுபோலத் தெரிகிறது, இனியும் பிந்தினால் போன பார்வை திரும்பாது என்றாள். பஹ்மி அன்றிரவே முடிவெடுத்தார். "புதன்கிழம நான் கடைய மூடுறேன். கோழிய நான் பாக்குறேன். நீங்க போங்க."

புதன்கிழமை காலை பஸ் ஏறும்வரை அவருக்குப் பாடம் நடந்தது. எந்தச் சாக்கை எத்தனை மணிக்கு நனைப்பது, எந்தப் பக்கம் எப்போது வெயில் திரும்பும், வாயைத் திறந்து இளைத்தால் என்ன, சிறகைத் தூக்கிக்கொண்டு நின்றால் என்ன. "வெளங்கிச்சா?" என்று மூன்று தடவை கேட்டாள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ் அசையாமல் நின்றபோது முதல் அழைப்பை எடுத்தாள். பஹ்மி, எல்லாம் சரி என்றார். இரண்டாவது அழைப்புக்கு, பைப்பில் தண்ணீர் நின்றுவிட்டது, பள்ளிவாசல் கிணற்றிலிருந்து கொண்டுவரப் போகிறேன் என்றார். அதன்பிறகு அவர் தொலைபேசியை எடுக்கவில்லை.

வைத்தியரின் அறைக்கு வெளியே வாங்கில் அவளால் இருக்க முடியவில்லை. எழுந்து யன்னலடிக்குப் போய் வெயிலைப் பார்த்தாள். வந்து உட்கார்ந்தாள். திரும்பவும் எழுந்தாள். பக்கத்திலிருந்த கலஹாவைச் சேர்ந்த பெண் இடத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, "யாரு அக்கா, வீட்டுல சீக்கா இருக்காங்களா?" என்று கேட்டாள். கோழி என்று சொல்ல நுஸ்ஹாவுக்கு வெட்கமாக இருந்தது. "ஓ, கொஞ்சம் சொகமில்ல" என்றாள்.

கண்ணுக்கு மருந்து விட்டார்கள். அரை மணி நேரத்தில் எழுத்தெல்லாம் கலங்கிப் போனது. கைபேசியில் பஹ்மியின் பெயரைத் தேடக்கூட முடியவில்லை. வைத்தியர் விளக்கை அடித்து நெடுநேரம் பார்த்தார். நரம்பில் கொஞ்சம் பாதிப்பு இருக்கிறது, மிச்சத்தைக் காப்பாற்றலாம், இரவில் விடும் சொட்டு மருந்தை ஒருநாளும் தவறவிடக்கூடாது என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டு, "இப்ப எத்தின மணி, டொக்டர்?" என்று கேட்டாள். இரண்டு மணி.

ஒழுங்கையில் இறங்கும்போது வெயில் கண்ணுக்குள் வெள்ளையாகக் கொட்டியது. முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டு, மதிலைத் தடவித் தடவி நடந்தாள். வீட்டுக்குள் போகாமல் நேரே பின்பக்கம் போனாள். கூட்டின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே குனிந்து பார்த்தாள். நிழலும் வைக்கோலும் ஒன்றாகக் கலங்கித் தெரிந்தன. கையால் துழாவினாள். சூடான மண், ஒரு இறகு. கோழி ஒன்றும் இல்லை.

"பஹ்மி" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இருபத்தொரு வருடத்தில் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"இஞ்சால வாரும் பிள்ளை, எல்லாம் இஞ்சதான் நிக்குது" என்று வேலிக்கு அப்பாலிருந்து குரல் கேட்டது.

கடைசி வீட்டுக் கமலாசனியின் குரல் அது. யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடத்துக்கு முன் நுஸ்ஹாவின் கோழிகள் அவருடைய அந்தூரியச் சட்டிகளைக் கிளறிவிட்டன. அதன்பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு, "கோழிச் சத்தத்துக்குப் பேப்பர் வாசிக்க ஏலாமல் கிடக்கு" என்ற ஒரு வசனத்தோடு நின்றுபோயிருந்தது.

பலாமரத்துக்குக் கீழே ஓடு போட்ட அவருடைய பின்விறாந்தையில் ஈரச் சீமெந்தின் வாடை அடித்தது. கோழிகள் முனகுவது கேட்டது. பஹ்மி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக் கிணற்றடியில் நின்றார். கமலாசனி தும்புத்தடியை மடியில் குறுக்கே வைத்தபடி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

"சத்தம் போட்டால்தான் நான் ஏசுறது. இண்டைக்கு ஒரு சத்தமும் இல்லை. அதுதான் எட்டிப் பாத்தனான்" என்றார். "அஞ்சாறு விழுந்து கிடந்தது. இவர் தண்ணி எடுக்கப் போயிட்டார். நான் கூட்டைத் திறந்து ஒண்டு ஒண்டாத் தூக்கியந்து காலை வாளித் தண்ணிக்குள்ள வைச்சன். அதுக்குள்ள இவரும் வந்திட்டார். கீரி வரும் எண்டுதான் இதிலயே இருக்கிறன்."

நுஸ்ஹா நிலத்தில் மண்டியிட்டாள். கண் உதவாததால் கையை விட்டாள். ஒவ்வொரு கோழியின் சிறகுக்கடியிலும் விரலை நுழைத்துச் சூடு பார்த்தாள். நெஞ்சு துடிக்கும் வேகத்தைப் பார்த்தாள். உதட்டுக்குள் எண்ணினாள். ஒரு சுற்று முடிந்து, திரும்பவும் முதலிலிருந்து எண்ணினாள்.

"பதினெட்டு, ஒண்டு கொறயுது" என்றாள்.

பஹ்மி கிணற்றடியிலிருந்து மெதுவாக வந்தார். "ஒண்டு செத்துப் போச்சு. ஜம்பு மரத்தடியில பொதச்சிட்டேன்."

"எது?"

"வாலில்லாத செவல."

"அது மூலைக்குத்தான் போகும். காத்து வராத மூலைக்கு." கையில் ஒட்டியிருந்த இறகைத் துடைத்தாள். "நான் ஒங்களுக்கு அதச் செல்லல்ல."

"கண்ணுக்கு என்ன செல்றாங்க?"

"மருந்து தந்தீக்கி. காப்பாத்தலாமாம், மிச்சத்த."

பஹ்மி ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, அவளுடைய முக்காட்டில் ஒட்டியிருந்த வைக்கோல் துரும்பை எடுத்தார். கமலாசனி எழுந்து உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கிவந்து சுவரோரம் வைத்தார்.

"முதல்ல இதில இரும் பிள்ளை. நான் தேத்தண்ணி போடுறன்."

"மிஸ், ஒங்கட விறாந்த முழுக்க அசிங்கம். நான் கழுவித் தாறேன்."

"அது நாளைக்குப் பாப்பம். இண்டைக்கு இரும்."

நுஸ்ஹா இருந்தாள். கதிரையின் நுனியில்தான் இருந்தாள். குசினிக்குள் கேத்தல் வைக்கும் சத்தம் கேட்டது. பஹ்மி திரும்பவும் தண்ணீர் அள்ளப் போனார். வெளியே எல்லாம் வெள்ளையாகத்தான் தெரிந்தது. எது வெயில், எது நிழல் என்று அவளால் பிரிக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றினாள். வெறும் பாதத்தைச் சீமெந்தில் மெல்ல நகர்த்தி, சூடு தொடங்கும் கோட்டைத் தேடிக் கண்டுபிடித்தாள். பிறகு குனிந்து, கோழிகளின் தண்ணீர்ச் சட்டியை அந்தக் கோட்டிலிருந்து ஒரு சாண் உள்ளே இழுத்து வைத்தாள்.