சுவரில் தங்கிய கடையாணி

காரைக்கால் வண்டிப்பேட்டையில் வண்டி நிறுத்த முனிசிபாலிட்டிக்காகக் காசு வசூலித்தவர் மாரிக்கண்ணு. பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிய பிறகும் அவர் வேலைக்குப் பங்கம் வரவில்லை. வண்டிக்கு இரண்டணா. கொடுக்காமல் நழுவும் ஆசாமிகளுக்கென்று அவர் ஒரு வழி வைத்திருந்தார். வண்டி வந்து மாட்டை அவிழ்த்ததும், சக்கரம் கழலாமல் காக்கும் கடையாணியை இடது பக்கத்தில் உருவிக் கொட்டகைச் சுவரில் மாட்டிவிடுவார். போகும்போது காசு மடியில் விழுந்ததும் கை தானாகச் சுவருக்குப் போகும். ஆணியை அவரே சொருகிவிடுவார். வண்டிக்காரர்கள் சக்கரப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

ஐம்பத்தைந்தாம் வருஷம், ஐப்பசியில் ஒரு சந்தை நாள். காலையில் வண்டியை விட்டுப் போயிருந்த நெடுங்காட்டு மளிகைக்கடைக்காரர் காஜா மைதீன் ஓட்டமும் நடையுமாகப் பேட்டைக்கு வந்தார். அவர் மகள் ஜன்னத்துக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து, இங்கே ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்திருந்தது.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவச் சொல்லிட்டாங்க மாரிக்கண்ணு. ஜன்னத்து புள்ளையோட ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிது. இந்தாங்க காசு."

"இன்னிக்கு உங்ககிட்ட காசு வாங்குவேனா பாய்? மாட்டைப் பூட்டிக்கிட்டுக் கெளம்புங்க."

தன் ஆயுளில் அவர் விட்டுக்கொடுத்த முதல் இரண்டணா அது. அந்தப் பூரிப்பிலேயே அரைமணி நேரம் ஓடியது. பேட்டை காலியானது. சுவரில் மட்டும் பித்தளைப் பூண் போட்ட ஓர் ஆணி தொங்கியது.

பாய் வண்டியின் ஆணி. காசு வாங்காத கை ஆணியையும் எடுக்கவில்லை.

ஆணியைப் பிடுங்கிக்கொண்டு நெடுங்காட்டுச் சாலையில் ஓடினார். சமதரையில் சக்கரம் கொஞ்ச தூரம் தாங்கும். தலத்தெரு தாண்டினால் வாய்க்கால் மதகு. கைப்பிடிச் சுவர் கிடையாது, தண்ணீர் கரை முட்டிப் போகிறது. பச்சை உடம்புக்காரி, எட்டு நாள் குழந்தை. ஒவ்வொரு திருப்பத்திலும் கூட்டம் கூடியிருக்குமோ, அழுகுரல் கேட்குமோ என்று பயந்துகொண்டே ஓடினார். மேல்துண்டு எங்கோ விழுந்தது. திரும்பி எடுக்கவில்லை.

தலத்தெருவைத் தாண்டியதும் கூண்டு வண்டி கண்ணில் பட்டது. குழந்தைக்காக மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இடது சக்கரம் நான்கு விரற்கடை வெளியே வந்து ஆடியது. கத்த வாயெடுத்தவர் அப்படியே அடக்கிக்கொண்டார். கூப்பிட்டால் பாய் திரும்புவார், கயிறு இழுபடும், மாடு ஒரு பக்கமாக ஒடிக்கும், சக்கரம் போய்விடும். சத்தம் போடாமல் வலது ஓரமாக ஓடி, வண்டியை முந்தி, மாடுகளின் முகத்துக்கு முன்னே கைகளை விரித்து நின்றார். மதகுக்குப் பத்தடிகூட இல்லை.

காஜா மைதீன் திகைத்துக் கீழே குதித்தார். மாரிக்கண்ணு சக்கரத்தை உதைத்து உள்ளே தள்ளி ஆணியைச் சொருகப் போனார். அவசரத்தில் துளை அகப்படவில்லை. காஜா மைதீன் ஆணியைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், எதிரே வாய்க்காலைப் பார்த்தார். பிறகு மாரிக்கண்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாக ஆணியைச் சொருகினார்கள்.

கூண்டுக்குள்ளிருந்து ஜன்னத்து கேட்டாள்: "எதுக்கு வாப்பா வண்டி நிக்கிது?"

காஜா மைதீன் சொன்னார்: "பேட்டைக் காசு குடுக்காம வந்துட்டேன்மா. அதுக்குத்தான் வந்திருக்காரு."

"ரெண்டணாவுக்கா இம்மாந்தூரம் ஓடி வந்தாரு?" என்றாள் அவள், இளக்காரமாக.

காஜா மைதீன் மடியிலிருந்து இரண்டணாவை எடுத்து மாரிக்கண்ணுவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"வாங்கிக்குங்க," என்றார், மகளுக்குக் கேட்காத குரலில். "இனிமே ஒருத்தருக்கும் காசை விடாதீங்க."